காடி நிற்றல்: ஓர் ஆராய்ச்சி

நெடுவழியிற் போய்க்கொண்டிருக்கும் காடியொன்று, புறப்பட்ட ஊருக்கும் போய்ச் சேரவேண்டிய ஊருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஓரிடத்திலே, உள்ளே அமர்ந்திருப்போர் எவருடைய சம்மதத்தையும் கேளாமல் அசைவற்றுப்போகும் நிகழ்ச்சியைக் குறிக்க நூல்வழக்கில் தனியொரு சொல் இல்லாதிருப்பது, யானைக்கும் குதிரைக்கும் தேருக்கும் சொற்களை மலைமலையாய்க் குவித்துவைத்த நிகண்டு நூலார் நமக்கு வைத்துப்போன குறையென்றே கருதுகிறேன். அக்குறையை மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்திலே, பெம்பானைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த எம்மனோர், பண்டிதர் எவருடைய உதவியுமின்றித் தாமே நிரப்பிக்கொண்டுள்ளனர். எங்கள் வழக்கில் காடி 'நின்னுபோச்சு' என்றால் கால்மணி நேரத்திற் புறப்பட்டுவிடும். 'படுத்துருச்சு' என்றால் பொழுது அங்கேதான் சாயும். 'ரோசாக்' என்று மலாய்ச் சொல்லால் குறித்தாலோ, கைப்பணம் கரையப் போகிறதென்று பொருள். மூன்றையும் ஒருபொருட் பன்மொழி எனக் கொள்வோர் இந்நாட்டிற் காடி வைத்திருந்ததில்லை என்று துணிந்து கூறலாம். காடி என்பது கார்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையேல் தமிழகத்து அன்பர்கள் புளித்த கஞ்சியைப் பற்றிய ஆராய்ச்சி இதுவென்று மயங்கக்கூடும். மலாய்க்காரர் காடியைக் 'கெரெத்தா' என்பர். அது 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியரின் வண்டிச் சொல். நம் சாவியும் ஜன்னலும்கூட அந்தப் பாஷையிலிருந்து வந்தவையே. ஆதலின், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியே ஏக்கத்தோடு பார்த்து நிற்கும் தமிழன், ஐந்நூறு ஆண்டுச் சரித்திரத்தின்முன் நிற்கிறான் எனலாம்; ஆனால் அது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம்.

இவ்வகை நிற்றல்களை ஐந்திணையுள் அடக்கி, மலைச்சரிவில் பிரேக் சூடேறி நிற்பது குறிஞ்சி என்றும், கடற்கரை மணலிற் சக்கரம் புதைவது நெய்தல் என்றும், கைப்பேசியில் ஒரு கோடும் தோன்றாத இடத்தில் நிற்பது பாலை என்றும் வகுத்துவிடலாமென நண்பர் ஒருவர் யோசனை கூறினார். அவர் தமிழிற் பட்டம் பெற்றவர். எதையும் ஐந்தாகப் பிரித்துவைக்காவிடில் அவருக்கு நித்திரை வாராது. யான் அவ்வழிச் செல்லேன். என் முன்னே பிரத்தியட்சமாக நிகழ்ந்த ஒரே நிற்றலை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன் பூர்வோத்தரங்களை விசாரிப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தின் ஆதிமூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்வோர் 1888-ஆம் ஆண்டிலே வந்து நிற்பர். அவ்வொரே ஆண்டில், உலகின் மூன்று மூலைகளில், ஒன்றையொன்று அறியாத மூன்று காரியங்கள் நடந்தன. பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான ஜான் டன்லப் என்பவர், தம் மைந்தனின் முச்சக்கர வண்டி கல்வீதியிற் குலுங்காமல் ஓடவேண்டுமெனக் கண்ட காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு உரிமைச் சாசனம் பெற்றது அவ்வாண்டில். ஜெர்மனி தேசத்து மான்ஹைம் நகரில், கார்ல் பென்ஸ் என்பாரின் மனைவி பெர்த்தா, கணவர் சிருஷ்டித்த முச்சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரு புதல்வரையும் ஏற்றித் தாய்வீடு நோக்கிப் புறப்பட்டதும் அவ்வாண்டிலேயே. ஹென்றி ரிட்லி என்ற தாவர சாஸ்திரி சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைமையை ஏற்க வந்து சேர்ந்ததும் அதே ஆண்டுதான். பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டனுக்குப் போய், மறு ஆண்டு 22 கன்றுகளாய்ச் சிங்கப்பூர் வந்திருந்த ரப்பர் இனத்தை இவர் சீராட்டி வளர்த்து, கண்ட தோட்டக்காரர் கையிலெல்லாம் விதையைத் திணித்து நச்சரித்தமையால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் பெற்றார். அந்த நச்சரிப்புக்கு முதலிற் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீனச் சீமான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டவர் அவர். பின்னர் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். காற்றுச் சக்கரம், நெடும்பிரயாணம், ரப்பர் என்ற மூன்றும் ஒரே ஆண்டிற் கருக்கொண்டதைத் தற்செயல் என்போர் என்க. எங்கள் காடி புக்கிட் ஆசகான் வட்டாரத்திற் காற்றிழந்து நின்றதைக் கண்ட யான் அங்ஙனம் கூற இயலாதவனாயிருக்கிறேன்.

பெர்த்தா அம்மையாரின் பிரயாணத்தைச் சற்று நின்று நோக்குவது அவசியம். போர்ட்ஸ்ஹைம் ஊருக்கு ஏறத்தாழ 106 கிலோமீட்டர். வழியில் எரிநெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் நாடாவைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் தோல்பட்டை அடிக்கச் செய்தார். எரிநெய் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குட் புகுந்து வாங்கினார். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். அந்திக்குள் தாய்வீடு சேர்ந்து கணவருக்குத் தந்தியும் அனுப்பினார். உலகத்தின் முதல் மோட்டார் நெடும்பிரயாணமே வழிநெடுக நின்று நின்று போனதுதான் என்பது இதனால் தெரிகிறது. ஆயினும் உரையாசிரியர் ஒருவரும் எடுத்துக்காட்டாத நுட்பம் ஒன்று இதில் உண்டு. அம்மையாருடன் அவருடைய சிநேகிதர் எவரும் செல்லவில்லை. சம வயதினரான சிநேகிதர் நால்வர் உடன் போயிருப்பரேல், தொப்பி ஊசியை எந்தப் பக்கமாகச் செருகுவது என்ற விவாதம் முடிவதற்குள் இருட்டியிருக்கும். மோட்டார் வாகனம் என்ற ஒன்றே இவ்வுலகில் நிலைத்திராது.

இனி நம்மவர் இத்துறையில் எவ்வளவு முன்னேறியிருந்தனர் என்பதைப் பார்ப்போம். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுமிடத்து, உப்பு வணிகராகிய உமணர், எருதுகளோ நுகத்துக்குப் புதியன, பாரமோ பெரிது, வழியில் பள்ளமும் வரும் மேடும் வரும், எது நேருமென்று யார் கண்டார் என அஞ்சி, வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சினைக் கட்டிக்கொண்டு போவதைக் கூறி, அந்தச் சேம அச்சுப் போன்றவன் நீ என்று அவ்விளைஞனை வாழ்த்துகிறார். காடியின் பின்பெட்டியில் கிடக்கும் ஐந்தாம் சக்கரத்துக்கு இதைவிடப் பழைய ஆதாரம் கிடைப்பது அரிது. அவ்வாதாரம் மலாக்காவுக்கே உரியது என்பதும் என் துணிபு. பலெம்பாங்கிலிருந்து தப்பிவந்த பரமேசுவரன், 1400-ஆம் ஆண்டையொட்டி இங்கே ஒரு மரத்தடியில் இளைப்பாறுகையில், அவன் வேட்டை நாயைச் சருகுமான் ஒன்று உதைத்துத் தள்ளியதைக் கண்டு வியந்து, அங்கேயே நகரமமைத்து, தான் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே அதற்கிட்டான் என்பது கர்ணபரம்பரை. அந்த மலாக்கா மரம் வேறெதுவுமன்று, நம் நெல்லிமரம். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் அதியமான். அவன் மகனைத்தான் ஔவை சேம அச்சு என்றார். நெல்லியின் பெயரால் நின்ற ஊர் மலாக்கா. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாயிருப்பதாகச் சிலர் கூறுவர். எனக்கு அது தெரியவில்லை.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மாசி மகத்தை அடுத்த வாரத்தில் நாங்கள் ஐவர், நான்கு நாள் யாத்திரையொன்று திட்டமிட்டோம். பெம்பானிலிருந்து ஜாசின், ஞாலாஸ், கெமாஸ் வழியாக வடக்கே ஏறி, குவா மூசாங் கடந்து கோத்தா பாருவை அடைந்து, திரும்புகையில் ஜெலிக்கும் கெரிக்குக்கும் இடையே 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையிற் காட்டுக்குள்ளாக வருவதென்பது ஏற்பாடு. அச்சாலையில் யானைகள் குறுக்கிடும்; எச்சரிக்கைப் பலகைகளே உண்டு. ஆதலின் ஒரு மாத காலம் ஜாசின் ஒட்டுக்கடையில் 'தே' குடித்துக்கொண்டே நாங்கள் யானையைத்தான் விசாரித்தோம். யானை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்கலாகாது, விளக்கை மின்னவிடலாகாது, சந்தடியின்றிப் பின்வாங்க வேண்டும் என்பனவெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ரேடியேட்டரைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சிறிய அபாயம் பெரிய அபாயத்தின் முதுகுப்புறம் ஒளிந்து வருகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

சென்ற ஐவரின் இலக்கணம் கூறுதும். காடிக்கு உரியவர், முன்னாளில் தோட்டத்துக் கிராணியாயிருந்தவரின் மகன். டோல் கட்டணத்தைத் தம் பரம்பரைக்கு எதிரான சதியென்று கருதுபவர். இரண்டாமவர், தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது ஆண்டு டிரஸராயிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் இன்சூரன்ஸ் பார்ப்பவர். நான்காமவர், கிள்ளானுக்கும் ஜோகூருக்குமாக இருபத்திரண்டு ஆண்டாக லோரி ஓட்டி வருபவர். முதல்நாள் இரவு சரக்கு இறக்கிவிட்டு நேரே வந்தமையால், ஏறிய மாத்திரத்திற் பின்னிருக்கையில் உறங்கிப்போனார். இத்தகைய ஒருவர் உடன் வருகிறார் என்ற தைரியமே எங்களைப் புறப்படச் செய்தது என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன். ஐந்தாமவன் யான். காடி எந்தக் கம்பெனியின் சிருஷ்டி என்று கூறப்போவதில்லை. ஏனெனில் பின்வரும் குற்றங்களில் ஒன்றுகூட அதனுடையதன்று.

புறப்படுகையில் சம்பிரதாயப்படி நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஐந்தாம் சக்கரத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. அது மூன்று பயணப் பைகளுக்கும், முறுக்கு டின் இரண்டுக்கும், பாய் ஒன்றுக்கும், ஆட்டுக்கறி சமைப்பதற்கான சாமான்களுக்கும் அடியில், பின்பெட்டியின் தரைப்பலகைக்கும் கீழே இருந்தது. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தமையாலேயே ஒருவரும் பார்க்கவில்லை. நாள்தோறும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வழக்கமுடைய உரியவர், எலுமிச்சம்பழத்துச் சிரத்தையில் அன்று அதையும் மறந்தார்.

ஜாசினைத் தாண்டியதும், பெருஞ்சாலையை விட்டு ஆசகான் பக்கமாகத் தோட்டப்பாதையில் புகுந்தால் ஞாலாசுக்குச் சீக்கிரம் போய்விடலாமென்று உரியவர் சொன்னார். "சின்ன வயசுல நான் சைக்கிள்ல போன ரோடு மச்சான், கண்ணக் கட்டிவிட்டாலும் போவேன்" என்றார். அவர் சைக்கிளிற் போன காலத்தில் அங்கே இருந்தவை பால்மரங்கள். இன்று இருப்பவை செம்பனைகள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நிரைகளும் பாதைகளும் மாறிவிட்டன. எந்தத் திசையில் நோக்கினும் ஒரே உயரத்துச் செம்பனை, ஒரே செம்மண். எதிரே 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை மாத்திரம் இடம் பெயராமல் நின்றது. இப்படி அரைமணி நேரம் சுற்றியபின், காடியின் முன்புறத்தினின்றும் வெண்புகை எழுந்தது, ஒரு பெருமூச்சுக் கேட்டது, நின்றது.

கோவில் தேர் நின்றால் கற்பூரம் காட்டுவர். காடி நின்றால் பானெட்டைத் திறப்பர். இரண்டும் ஒரே தத்துவத்தின்பாற் பட்டன. நால்வரும் இறங்கினோம். ஒருவர் பானெட்டைத் தூக்கிப் பிடிக்க, மூவர் இடுப்பிற் கைவைத்துக் குனிந்து நோக்கினோம். இவ்விடத்தில் மனித சுபாவம் ஒன்று விளங்கித் தோன்றும். உள்ளே காணப்படும் உறுப்புகள் பற்பலவற்றுள் நமக்குப் பெயர் தெரிந்தது பேட்டரி ஒன்றே ஆதலின், பழுது எதுவாயினும் முதலில் பேட்டரியையே தொட்டு ஆட்டிப் பார்ப்பர். அடுத்து, எண்ணெய்க் கோலை உருவிச் செய்தித்தாளிலே துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றும் கூறாமல் மீண்டும் செருகுவர். நாங்களும் அவ்வாறே செய்தோம். நால்வரும் தனித்தனியே செய்தோம்.

பழுதை அறிவதற்குரிய பிரமாணங்கள் மூன்று. பிரத்தியட்சம் புகையைக் காட்டிற்று. அனுமானத்துக்குத் தர்க்க நூலார் ஆதிநாள் தொட்டு எடுத்தாளும் உதாரணம், மலையிலே புகை காண்கிறது, ஆதலின் அங்கே நெருப்பு உண்டு என்பது. எங்கள் முன் மலையும் இருந்தது, புகையும் இருந்தது. ஆனால் புகை மலையில் இல்லாமையால் அனுமானம் அத்துடன் தடைப்பட்டது. மூன்றாவது சப்தப் பிரமாணம். ஆன்றோர் வாக்கு என்பது இதற்குப் பொருள். இன்சூரன்ஸ் நண்பரோ, நிற்பதற்கு முன் 'டக்கு டக்கு' என்று கேட்டதையே சப்தப் பிரமாணமெனக் கொண்டு, அதே ஒலி தம் மைத்துனர் காடியிற் கேட்டபோது இஞ்சினையே இறக்கவேண்டி வந்ததென்று கண்ணீர் மல்க உரைத்தார்.

டிரஸர் நண்பர் ஒருவரே அன்று சாஸ்திரத்தோடு பொருந்தப் பேசியவர் என்பதை அவருக்குரிய கௌரவத்துடன் பதிவு செய்கிறேன். உரியவர் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போன கணத்தில் அவர் கையைத் தட்டிவிட்டார். "காய்ச்சல் எறங்கட்டும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. கட்டிய பழுக்க விடாம கீறுனா மூஞ்சியில அடிக்கும்" என்றார். உண்மை அதுவே. அம்மூடி உள்ளிருக்கும் நீரை அழுத்தத்தில் வைப்பதால், நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, ஒரே மூச்சில் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தை வேகவைக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, கனத்த துணியைப் போர்த்திப் பையப்பைய அவிழ்ப்பதே முறை.

ஆறும் வரையில் வெயிலில் நிற்பானேன் என்று, காடியைச் செம்பனை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாமென்று யோசனை கூறியவன் நான். லோரி நண்பரை எழுப்ப மனம் வரவில்லை. அவரையும் சேர்த்தே தள்ளினோம். செம்பனையை அறியாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: குலை அறுக்கும்போது மட்டையையும் வெட்டி நிரைகளுக்கிடையே அடுக்குவர், அம்மட்டையின் அடிப்பாகத்திலுள்ள முள், விரலைத் துளைத்து மறுபுறம் வரும் தன்மையது. இதை நான் அறிவேன். தோட்டத்திற் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் நிழலைப் பார்த்தேன், நிலத்தைப் பார்க்கவில்லை.

காய்ச்சல் தணிந்து, குடிக்கக் கொண்டுவந்த நீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றியபோது, அது ஊற்றிய வேகத்திலேயே கீழ்க்குழாய்வழி ஒழுகிற்று. அப்பொழுது பெரியதொரு தர்க்கம் எழுந்தது. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டினால் அது துளையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். இஃது உரியவரின் பட்சம். மஞ்சள்தூள் தனியாக இல்லை, ஆட்டுக்கறி மசாலாதான் இருக்கிறது, அதில் மஞ்சளும் சேர்ந்திருப்பதால் அதையே போடலாம் என்பது இன்சூரன்ஸ் நண்பரின் பட்சம். கிழிந்தது குழாயானால் ரேடியேட்டருக்குள் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை என்பது டிரஸரின் கண்டனம். மசாலாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் வாதித்துக்கொண்டிருந்த வேளையில், பின்புறத்து இடச்சக்கரம், குழந்தை உறங்கும்போது விடும் மூச்சைப்போல மெல்லியதோர் ஓசையோடு தரையிற் படிந்தது. முள் தன் வேலையைச் செய்துவிட்டது. எந்த மண்ணில் டான் சே யான் ரப்பரைப் பெரிய அளவில் நட்டாரோ, அந்த வட்டாரத்து மண்ணிலேயே, அதை விரட்டிவிட்டு வந்த செம்பனையின் கையால், அந்த டயர் உயிர் துறந்தது.

பைகள் இறங்கின, முறுக்கு டின்கள் இறங்கின, பாய் இறங்கிற்று. தரைப்பலகையைத் தூக்கிச் சேமச் சக்கரத்தைத் தரிசித்தோம். அது புத்தம் புதியது. ஒரு நாளும் சாலையைக் கண்டதில்லை. அதற்குள் காற்றும் இல்லை. உரியவர் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. இதனோடு ஜாக்கி இருந்தது. சக்கரத்து நட்டுகளைக் கழற்றும் ஸ்பேனர், கைத்தடிபோல் வளைந்து மறுநுனி தட்டையாயிருக்குமே, அது இருக்கவேண்டிய குழியிற் காணப்படவில்லை. தம் மருமகன் எடுத்திருப்பான் என்றார் உரியவர். வொர்க்‌ஷாப்பில் விட்டிருப்பாய் என்றார் டிரஸர். இத்தகைய இழப்புக்குக் காப்புறுதி கிடையாது என்றார் இன்சூரன்ஸ் நண்பர். நான் யாதும் கூறவில்லை. ஆய்வாளன் நடுநிலை பிறழலாகாது.

இனி ஒரே புகலிடந்தான் எஞ்சியிருந்தது. லோரி நண்பரைத் தட்டி எழுப்பினோம். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் கண்விழித்து, இறங்கி வந்து, பானெட்டுக்குட் பார்த்து, பேட்டரியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தது. "இதெல்லாம் கிலிண்டான் வேலை மச்சான். நான் ஓட்டுறதோட சரி" என்றார். கிலிண்டான் என்பவன் லோரியில் உடன் வரும் உதவியாள். டயர் மாற்றுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவன் கடமை. சேமம் என்ற சொல்லுக்கு உரையாசிரியர் எவரும் கூறாத ஒரு பொருளை அப்போது கண்டேன்: உண்டு என்று நம்பப்படுவது, ஆனால் ஒருவராலும் திறந்து பார்க்கப்படாதது.

கைப்பேசியிற் கோடு இல்லை. ஒன்றேகால் மணி நேரம் யாரும் வரவில்லை. பின்னர் நிரைகளினூடே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. குலை அறுக்கும் நீண்ட கழியைத் தோளில் வைத்திருந்த ஓர் இளைஞர், வங்காளதேசத்தவர். எங்களைப் பார்த்து, "அப்பா மசாலா, போஸ்?" என்று மலாயிற் கேட்டார். மலாய் மொழியில் 'மசாலா' என்றால் பிரச்சினை. என்ன பிரச்சினை என்பதே வினா. ஆனால் இரண்டு மணி நேரமாக அப்பொட்டலத்தைப் பற்றியே தர்க்கித்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் நண்பர், இந்நாட்டிலேயே பிறந்து, மலாயில் நாள்தோறும் பாலிசி விற்பவர், அதைத் தூக்கிக் காட்டி, "கம்பிங்... ஆட்டுக்கறி மசாலா" என்றார். இளைஞர் ஒரு கணம் எங்களையும், பொட்டலத்தையும், ஒழுகும் நீரையும், படுத்த சக்கரத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை. வருகிறேன் என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

நாற்பது நிமிஷத்தில் திரும்பி வந்தவரிடம் நாலு கை ஸ்பேனர் ஒன்றும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்றும், தோம்பில் பாரிட்டுத் தண்ணீரும் (பாரிட்டு என்பது வாய்க்கால்), கிழிந்த சைக்கிள் டியூப் ஒன்றும் இருந்தன. டியூபை நாடாவாகக் கிழித்து, ஒழுகும் குழாயின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றி முடிந்தார். பெர்த்தா அம்மையாரின் கால் நாடாவுக்கும் இதற்கும் உள்ள உறவை அவரிடம் எடுத்துரைக்க ஆசையிருந்தும், என் மலாய் அவ்வளவு தூரம் போதாது. ஒழுக்கு நின்றது. பின்னர் சேமச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் வேள்வி. சைக்கிள் பம்பினால் காடிச் சக்கரத்தை நிரப்புவது, சிரட்டையால் கிணறு இறைப்பது போன்றது. ஆளுக்கு ஐம்பது என்று முறைவைத்து அடித்தோம். நானூறு வரை எண்ணினேன். லோரி நண்பர் இதில் எல்லோரையும் மிஞ்சினார் என்பதை நியாயத்தின் பொருட்டுச் சொல்லவேண்டும்.

அடித்துக்கொண்டிருக்கையில் டிரஸர் அவ்விளைஞரிடம், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். மரங்களுக்கப்பால் தெரிந்த கூரைகளைக் காட்டி, லயத்தின் கோடி வீடு என்றார். டிரஸர் பம்பை நிறுத்திவிட்டு அத்திசையைப் பார்த்தார். "அந்த லயத்துல மட்டும் பதினோரு பிரசவம் பாத்திருக்கேன்டா" என்றார் எங்களிடம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்ற களமும், மாரியம்மன் கோவிலும், பால் ஸ்டோரும் எங்கெங்கே இருந்தனவென்று உரியவரும் அவரும் கைநீட்டிக் காட்டிக்கொண்டனர். இருவர் காட்டிய இடங்களும் ஒத்துவரவில்லை. என் பாட்டனாரும் இவ்வட்டாரத்திற் பால் வெட்டியவர்தாம். எங்கள் குடும்பத்தார் டவுனுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தோட்டம் அங்கேதான் இருக்கிறது, எப்போது வேண்டுமாயினும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

இளைஞர் பணம் வாங்க மறுத்துவிட்டார். முறுக்கு டின்னைக் கொடுத்தோம். ஒரு கை அள்ளிக்கொண்டார். பிறகு சிறிது சங்கோசத்துடன், இன்சூரன்ஸ் நண்பர் கையிலிருந்த பொட்டலத்தைச் சுட்டி, அது தேவையில்லையென்றால், என்று இழுத்தார். எங்கள் மசாலாவை இவ்வண்ணம் அவரே எடுத்துக்கொண்டு போனார். இரு மொழியிலும் இது உண்மை.

ஊர்ந்து ஊர்ந்து ஜாசின் வந்து சேர்ந்து, போமனிடம் காடியைக் காட்டினோம். இந்நாட்டில் மெக்கானிக் எவராயினும் போமன்தான். தோட்டத்திலும் ரயில்வேயிலும் ஆங்கிலேயன் வைத்த மேற்பார்வைப் பதவியின் பெயர், கையில் கிரீஸ் படிந்த அனைவர்க்கும் பொதுவாகிவிட்டது. லேடாங் மலை இளவரசி, தன்னை மணக்கக் கேட்ட மலாக்கா சுல்தானிடம், தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் ஏழு தட்டு நிறையக் கொசுவின் இருதயமும் வேண்டுமெனக் கேட்டாளாம். போமனின் பட்டியல் அவ்வளவு நீளமில்லை. ஆயினும் அதைக் கேட்ட உரியவரின் முகத்தில் சுல்தானின் சாயல் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் பெம்பான் திரும்பினோம். யானையைக் காணவில்லை. ஆட்டுக்கறி மசாலா வாங்குவதற்கு மீண்டும் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

இவ்வாராய்ச்சியை நிறைவு செய்யுமுன், சான்றுகளிலிருந்த இடைவெளி ஒன்றை நிரப்புவது என் கடமை. நட்டு கழற்றும் அந்த ஸ்பேனர், மருமகனிடமும் இல்லை, வொர்க்‌ஷாப்பிலும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்திய நாள், அதன் தட்டையான நுனி தேங்காய் உரிப்பதற்கு மிகவும் வாட்டமாயிருக்கக் கண்டு, உரியவர் குளித்துக்கொண்டிருந்தமையால் அவரிடம் சொல்லாமல் எடுத்து வந்தேன். அது எங்கள் வீட்டுக் கொல்லையில், குழாயடியில், தரையில் நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அண்ணே, இதைப் படித்தால் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது ஒரு கடப்பாரை கொண்டுவரவும், சிமெண்டு போட்டிருக்கிறேன்.